கோஸோ தீவு: ஒரே பகலில் ஓடிப் பார்க்கிற ஊர் அல்ல

மத்தியதரைக் கடலின் தீவு நாடான மால்டாவுக்குப் போகிறவர்களில் பலர், அதன் இரண்டாவது தீவான கோஸோவை ஒரு பகலில் முடித்துக்கொள்கிறார்கள். தீவின் நீளம் 14 கிலோமீட்டர், அகலம் 7 கிலோமீட்டர். இதற்கு ஒரு நாள் போதாதா என்று கணக்குப் போடுகிறார்கள். அதே கணக்கோடு வருகிற அத்தனை பேரும் காலை பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை அதே நாலு இடங்களில்தான் நிற்பார்கள். மாலைப் படகு போன பிறகுதான் ஊர் ஊராகிறது. மூன்று இரவாவது தங்குங்கள்.

மால்டா ஷெங்கன் நாடு, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா முறையில் சேர்ந்தது; நாணயம் யூரோ. இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசிக்கெடு பயணத்துக்கு 15 நாள் முன்பு, ஆனால் அதுவரை இழுப்பது வம்பு. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். மால்டா பெருந்தீவில் சில இரவு, கோஸோவில் சில இரவு என்று பிரித்துத் தங்கினால் இரண்டு இடத்து முன்பதிவையும் தேதி இடைவெளி இல்லாமல் விசா விண்ணப்பத்தோடு இணையுங்கள். நடுவே ஓர் இரவு விடுபட்டிருந்தாலும் கேள்வி வரும்.

மே கடைசியும் ஜூனும், செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் வரையும் நல்ல காலம். கடலில் குளிக்கத்தான் போகிறீர்கள் என்றால் செப்டம்பர். கோடை முழுக்கச் சூடேறிய தண்ணீர் அப்போது வெதுவெதுப்பாக இருக்கும். மே மாதத்தில் வெயில் அடித்தாலும் கடல் குளிரும். மின் பிளக் பிரிட்டிஷ் பாணி, பட்டையான மூன்று முள். இந்திய உருண்டை முள் நுழையாது, அடாப்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

தீவுக்குப் போக இரண்டு வழி. விமான நிலையத்திலிருந்து எக்ஸ்-1 பேருந்தில் சிர்கேவா துறைக்குப் போய், அங்கே கார்களையும் ஏற்றும் பெரிய படகைப் பிடிப்பது முதல் வழி. பேருந்துக்கு ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம் ஆகும். படகுக்கு 25 நிமிடம். போகும்போது இந்தப் படகில் யாரும் டிக்கெட் கேட்க மாட்டார்கள். திரும்பும்போது கோஸோவின் இம்ஜார் துறையில் இரு வழிக்கும் சேர்த்து வாங்கிவிடுவார்கள். காரில்லாத பயணிக்கு 4.65 யூரோ. இரண்டாவது வழி, தலைநகர் வலேட்டாவிலிருந்து 2021-இல் தொடங்கிய வேகப்படகு. முக்கால் மணி நேரப் பயணம். ஒவ்வொரு வழிக்கும் தனி டிக்கெட். கடல் கொந்தளித்தால் முதலில் நிற்பது இதுதான். ஊருக்குத் திரும்பும் விமானம் இருக்கிற நாளில் இதை நம்பாதீர்கள்.

தங்குவதற்கு, கார் இல்லாதவர்களுக்கு விக்டோரியாவே சரி. தீவின் பேருந்துகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் புறப்படுகின்றன. 1887-இல் விக்டோரியா மகாராணியின் பொன்விழாவுக்காக வந்த பெயர் அது. ஊர்க்காரர்கள் இன்னும் ரபாத் என்றுதான் சொல்வார்கள். கார் எடுத்தால், நம் ஊர் மாதிரியே இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங்கும் வலதில்தான். சந்துகளோ மிகக் குறுகல், ஆகவே இருப்பதில் சிறிய காரைக் கேளுங்கள். பெயர்ப்பலகையில் எக்ஸ் எழுத்தைக் கண்டால் ‘ஷ’ என்று படியுங்கள். பேருந்தில் இடம் கேட்க அது உதவும்.

விக்டோரியாவின் நடுவே குன்றின்மேல் சித்தடெல்லா கோட்டை நிற்கிறது. உள்ளே நடக்கக் கட்டணம் இல்லை, அருங்காட்சியகங்களுக்கு மட்டும் உண்டு. 1551-இல் துருக்கியப் படை இந்தக் கோட்டையைப் பிடித்து, தீவின் மக்களில் பெரும்பகுதியை, ஐயாயிரம் பேருக்கு மேல், அடிமைகளாகக் கப்பலேற்றியது. அதற்குப் பிறகும் 1637 வரை தீவு மக்கள் இரவில் கோட்டைக்குள் வந்து தூங்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு வடக்கு மதிலில் நின்று கீழே வயல்களைப் பாருங்கள். தூரம் எவ்வளவு, ஓடிவர எவ்வளவு நேரம் ஆகும் என்பது பிடிபடும்.

கோட்டைக்குள் உள்ள கதீட்ரலில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வாசலிலிருந்து பார்த்தால் தலைக்குமேல் ஆழமான குவிமாடம் தெரியும். நடந்து நேர் கீழே போய் அண்ணாந்தால் வெறும் தட்டையான கூரை. 1739-இல் அந்தோனியோ மனுவேலே தீட்டிய ஓவியம் அது. காசு பற்றாமல் குவிமாடத்தைக் கைவிட்டார்கள் என்பது ஊர்ப் பேச்சு. அருகிலுள்ள தொல்லியல் அருங்காட்சியகத்தில் மைமூனா கல்லைத் தவறவிடாதீர்கள். 1174-இல் இறந்த ஒரு பெண்ணின் அரபுக் கல்லறைக் கல்வெட்டு. பழைய ரோமானியச் சலவைக்கல்லைத் திருப்பிப் போட்டு வெட்டியிருக்கிறார்கள். இந்தத் தீவின் வரலாற்றை ஒரே பொருளில் பார்க்க இதைவிட நல்லது வேறில்லை.

ஷாரா ஊரிலுள்ள ஜகந்தீயா கோயில்கள் பொ.ஆ.மு. 3600 வாக்கில் தொடங்கியவை, எகிப்தின் பிரமிடுகளுக்கும் மூத்தவை. காலை திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். கோயில் பக்கம் நிழலே கிடையாது. பலர் பத்து நிமிடத்தில் ‘வெறும் கல்லுதானே’ என்று வெளியே வருவதற்குக் காரணம், எதைப் பார்ப்பதென்று தெரியாமல் போவதுதான். வெளிச்சுவர் கரடுமுரடான கெட்டிச் சுண்ணாம்புக்கல். வாசலும் உள்ளே உள்ள மேடைகளும் வழவழப்பாகச் செதுக்க வரும் மென்மையான வகை. எந்தக் கல்லை எங்கே வைப்பது என்று அன்றைக்கே தெரிந்து கட்டியிருக்கிறார்கள். அதே டிக்கெட்டில் பக்கத்திலுள்ள 1725-ஆம் ஆண்டுக் காற்றாலையும் அடங்கும்.

கடற்கரையைப் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், காற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். முந்தைய இரவே காற்றின் திசையைக் கைபேசியில் பார்த்துவிடுங்கள். வடக்கிலிருந்து அடித்தால் செம்மணல் கடற்கரையான ரம்லாவிலும் மார்சல்ஃபோர்னிலும் அலை ஏறும். அன்று தெற்கே இம்ஜார் இஷ்-ஷீனி, ஹொண்டொ பக்கம் போங்கள். தெற்குக் காற்றென்றால் நேர்மாறு. ஷ்லெண்டி தென்மேற்கைப் பார்த்துத் திறந்திருப்பதால் மேற்குக் காற்றில் அங்கும் அமைதி இராது. ரம்லா மணல் என்பதால் பிள்ளைகளோடு போக ஏற்றது. ஆனால் அலை உள்ள நாளில் காலைக் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் பலமாக இருக்கும், சிவப்புக் கொடி பறந்தால் முழங்காலளவுகூட வேண்டாம். ஊதாக் கொடி என்றால் ஜெல்லி மீன் வந்திருக்கிறது. கொட்டிவிட்டால் கடல்நீரால் கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றினாலோ தேய்த்தாலோ எரிச்சல் கூடும். ரம்லா தவிர மற்ற இடங்கள் பெரும்பாலும் பாறையும் கூழாங்கல்லும். இடுக்குகளில் உடம்பெல்லாம் முள்ளான கடல் முள்ளெலி இருக்கும், ரப்பர் செருப்பு இல்லாமல் இறங்க வேண்டாம்.

தீவின் மேற்குக் கரையிலுள்ள த்வெய்ராவில் கடல்மேல் நின்ற பாறை வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து விழுந்துவிட்டது. இன்னமும் அந்தப் பழைய படத்தைக் காட்டி விற்கிறவர்கள் உண்டு. வளைவு இல்லாவிட்டாலும் இடம் வீண் இல்லை. உள்கடல் என்னும் குட்டையிலிருந்து சிறு படகில் பாறைச் சுரங்கத்தின் வழியே வெளிக்கடலுக்குப் போகலாம். அலை இருந்தால் படகு ஓடாது. மார்சல்ஃபோர்னுக்கு மேற்கே ஷ்வெய்னி உப்பளங்களில் கோடையில் உப்பு வாருவார்கள். பாத்திகளின் வரப்பில் படம் எடுக்க ஏறாதீர்கள். மிதித்தால் பாறை விளிம்பு உடையும், உப்பும் அழுக்காகும்.

சாப்பாட்டுக்கு நடூர் ஊரின் விறகடுப்பு பேக்கரிகளில் ஃப்தீரா கேளுங்கள்: ரொட்டி மாவின்மேல் சீவிய உருளைக்கிழங்கு, தக்காளி, ஆலிவ், நெத்திலி. சைவம் என்றால் நெத்திலி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆட்டுப்பால் ஜ்பெய்னா பாலாடைக்கட்டி பச்சையாகவும் காய வைத்தும் மிளகு பூசியும் கிடைக்கும். மிளகு பூசியது நம் நாக்குக்குப் பொருந்தும். இதை உறைய வைக்க ரென்னட் என்னும், விலங்குக் குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைச் சேர்ப்பது வழக்கம், கண்டிப்பான சைவர்கள் கேட்டு வாங்குங்கள். தண்ணீர் பாட்டிலுக்கு 10 சென்ட் முன்பணம் சேர்த்தே வாங்குவார்கள்; காலி பாட்டிலை நசுக்காமல் கடை வாசலிலுள்ள இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும்.

கோடையில் வார இறுதிதோறும் ஏதோ ஓர் ஊரில் கோயில் திருவிழா: பாண்டு வாத்தியம், வேட்டு, தெருவெல்லாம் தோரணம். ஜூலை மூன்றாம் ஞாயிறு புனித ஜார்ஜ் விழா, ஆகஸ்ட் 15 மாதா விழா. இரண்டுக்கும் விக்டோரியாவின் பிரதான தெருவிலேயே குதிரைப் பந்தயம் நடக்கும். அதே தெருவில் அஸ்ட்ரா, அவுரோரா என்று இரண்டு ஓபரா (இசை நாடக) அரங்குகள், ஒன்றோடொன்று போட்டி போடும் இரண்டு பாண்டு வாத்தியச் சங்கங்களுக்கு ஒன்று வீதம். இவ்வளவு சின்ன ஊரில் அக்டோபரில் ஆளுக்கொரு ஓபரா போடுகிறார்கள் என்றால் போட்டியின் சூடு புரியும். டிக்கெட்டை முன்கூட்டியே வாங்குங்கள். தேவாலயத்துக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 15-ஐ ஒட்டியும் ஞாயிறு மாலையிலும் இம்ஜார் துறையில் கார் வரிசை மணிக்கணக்கில் நீளும். கார் இருந்தால் திரும்புவதைத் திங்கள் முற்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடந்து ஏறுகிறவர்களுக்கு அந்தத் தொல்லை குறைவு.