நட்சத்திர குயில்ட் பிளாக்: பழைய வடிவம், புதிய தோற்றம்

குயில்ட் என்பது துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வை; அதில் சேரும் ஒவ்வொரு சதுரமும் ஒரு பிளாக். 'ஃபிரெண்ட்ஷிப் ஸ்டார்' அமெரிக்க குயில்ட் மரபில் வந்த எளிய நட்சத்திர பிளாக். ஒன்பது கட்டம், நான்கு முனை, அவ்வளவுதான். இதற்குப் புதுத் தோற்றம் தர வடிவத்தில் கை வைக்கவே வேண்டாம். பூப்போட்ட துணிகளை ஒதுக்கிவிட்டு, பிளெயின் பருத்தியில் இரண்டே நிறம் எடுங்கள். நட்சத்திரத்துக்கு மஞ்சள், பின்னணிக்கு வெள்ளை என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே கனமாக இருக்கட்டும்.

மஞ்சளில் 4 இன்ச் சதுரம் இரண்டு, 3½ இன்ச் சதுரம் ஒன்று வெட்டுங்கள். வெள்ளையில் 4 இன்ச் சதுரம் இரண்டு, 3½ இன்ச் சதுரம் நான்கு.

வெட்டிய கையோடு தைக்க உட்கார்ந்துவிடாதீர்கள். எல்லாத் தையலும் விளிம்பிலிருந்து ¼ இன்ச் உள்ளே விழ வேண்டும். அதைச் சோதிக்க, 2 இன்ச் அகலமுள்ள இரண்டு வேஸ்ட் துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, அயர்ன் செய்து அளந்து பாருங்கள். 3½ இன்ச் வந்தால் சரி. குறைந்தால் தையல் அதிகம் உள்ளே போகிறது; விளிம்பை ஒட்டித் தையுங்கள். இங்கே நூலளவு பிசகினாலும் கடைசியில் நட்சத்திரத்தின் முனை மழுங்கிவிடும்.

இப்போது முக்கோணங்கள். 4 இன்ச் மஞ்சளையும் வெள்ளையையும் நல்ல பக்கங்கள் உள்ளே பார்க்கும்படி ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். மூலைக்கு மூலை பென்சிலால் கோடு போட்டு, அதன் இரு பக்கமும் ¼ இன்ச் தள்ளித் தையுங்கள். கோட்டின் மேல் வெட்டினால் இருநிறச் சதுரம் இரண்டு கிடைக்கும். அடுத்த ஜோடியையும் இப்படியே செய்தால் நான்கு. அயர்ன் பெட்டியை இழுக்காமல் அழுத்தி எடுங்கள். குறுக்காக வெட்டிய துணி சட்டென்று இழுபடும். பிறகு தையல் மூலையிலிருந்து மூலைக்கு வரும்படி 3½ இன்ச்சுக்குச் சீராக்குங்கள்.

சரி, அடுக்கலாம். நடுவில் மஞ்சள், நான்கு மூலையிலும் வெள்ளை. முதல் இருநிறச் சதுரத்தின் மஞ்சள் ஓரம் நடுக்கட்டத்தைத் தொடட்டும். மற்ற மூன்றையும் ஒவ்வொரு கால் திருப்பாகத் திருப்பி வையுங்கள். காற்றாடி போலத் தெரிந்தால் சரியாக வைத்திருக்கிறீர்கள். தைக்கும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது.

வரிசை வரிசையாகத் தையுங்கள். மேல், கீழ் வரிசைகளின் தையல் மடிப்பை மூலைகளை நோக்கியும், நடு வரிசையில் மையத்தை நோக்கியும் அயர்ன் செய்தால், வரிசைகளைச் சேர்க்கும்போது மடிப்புகள் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தும். முடிந்த பிளாக் 9½ இன்ச் இருக்கும்.

பல பிளாக்குகளை இணைக்கும்போது இடையிடையே 9½ இன்ச் வெற்று வெள்ளைச் சதுரங்களைச் சேருங்கள். நட்சத்திரங்கள் மிதப்பது போலத் தெரியும். எனக்குப் பிடித்த நவீனத் தோற்றம் இதுதான்.