துப்பாக்கியோடு மாநிலம் தாண்டும்போது: லைசென்ஸ் உள்ளவர்களே செய்யும் தவறுகள்

சுங்கை சிப்புட்டிலிருந்து கூலிமுக்கு நெடுஞ்சாலையில் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடலாம். அதற்குள் பேராக் முடிந்து, பண்டார் பாருவில் கெடாவின் ஒரு துண்டு வந்து, அது கடந்து பினாங்கு வந்து, பட்டர்வொர்த் பக்கம் திரும்பியபின் மறுபடியும் கெடா வந்துவிடும். கார் ஓட்டுகிறவருக்கு இது எதுவும் தெரியப்போவதில்லை. காரின் பின்பெட்டியில் (பூட்) ஒரு பன்னிரண்டு போர் செனாப்பாங் பாத்தா, அதாவது நடுவில் மடித்துத் தோட்டா போடும் துப்பாக்கி, கிடந்தால் மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே கள்ளத் துப்பாக்கியைப் பற்றிப் பேசவில்லை. செம்பனைக் கன்றைக் காட்டுப்பன்றி தோண்டிப் போடுகிறது என்று முறையாக மனுப் போட்டு லைசென்ஸ் வாங்கியவர்கள், நல்ல எண்ணத்தோடு அடுத்த மாநிலத்துக்குக் கிளம்பும்போது எங்கே சறுக்குகிறார்கள் என்பதுதான் விஷயம்.

நம் மலேசியாவில் இதைக் கட்டுப்படுத்துவது 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்கக் கொண்டுவந்த அவசரகாலம் முடிந்ததாக அறிவிக்கப்பட்ட அதே ஆண்டு. 1948 ஜூன் 16 அன்று தோட்டத் துரைகள் சுடப்பட்டு, அவசரகாலத்துக்கு வித்திட்டதே சுங்கை சிப்புட் வட்டாரம்தான். துப்பாக்கி என்றால் இந்த நாட்டுச் சட்டம் ஏன் இவ்வளவு முறைக்கிறது என்று நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் இந்தச் சட்டத்தின்படி 7 ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்கு மேல் 1971ஆம் ஆண்டின் கடும் தண்டனைச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதில் சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. துப்பாக்கி வைத்திருப்பவரோடு கூடப் போனவரையும் அந்தச் சட்டம் விட்டுவைக்காது. காரில் சும்மா உட்கார்ந்து வந்த மச்சானுக்கும் இதில் பங்கு உண்டு.

லைசென்ஸைப் படிக்காமல் கிளம்புவது

லைசென்ஸ் கொடுப்பது மாநிலப் போலீஸ் தலைவரின் அதிகாரம். எந்தத் துப்பாக்கி, என்ன வரிசை எண், எத்தனை தோட்டா, எந்த நோக்கத்துக்கு, என்னென்ன நிபந்தனைகள் என்று அதில் இருப்பதுதான் உங்களுக்கான சட்டம். ஒருவருடைய நிபந்தனை இன்னொருவருடையது போல இருக்காது. "அவர் போன மாதம் கெடாவுக்குக் கொண்டு போனாரே" என்பது பதிலாகாது. அவர் லைசென்ஸில் என்ன எழுதியிருந்தது என்று நீங்கள் பார்க்கவில்லை.

முக்கியமாக நோக்கத்தைப் பாருங்கள். பயிர்ப் பாதுகாப்புக்கு என்று வாங்கிய லைசென்ஸ் உங்கள் நிலத்துப் பயிருக்காகக் கொடுத்தது. கூலிமில் இருக்கும் சித்தப்பா மகனின் தோட்டத்தில் பன்றி அட்டகாசம் செய்கிறது என்றால் அது அவருடைய பயிர். அதற்குப் போகுமுன் மாவட்டப் போலீஸ் தலைமையகத்தில் துப்பாக்கி லைசென்ஸ் பார்க்கும் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். அசல் லைசென்ஸ், மைகார்ட் (அடையாள அட்டை) இரண்டையும் கொண்டு போங்கள். கடிதத்தில் போகும் இடத்தின் முழு முகவரி, நிலத்துக்காரர் பெயர், போகும் நாள், திரும்பும் நாள், துப்பாக்கி எண், கொண்டுபோகும் தோட்டாவின் எண்ணிக்கை எல்லாம் இருக்க வேண்டும். கூடவே நிலத்துக்காரரின் சம்மதக் கடிதம். பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். கவுன்டரில் "போலே, போலே" (போகலாம், போகலாம்) என்று யாரோ வாயால் சொன்னதை நடுராத்திரி ரோட்பிளாக்கில் காட்ட முடியாது.

வரிசை எண்ணையும் அப்போதே ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். பழைய துப்பாக்கிகளில் எண் மங்கியிருக்கும், 3ஆ 8ஆ என்று தெரியாது. வெள்ளைச் சாக்பீஸை மேலே தேய்த்துத் துடைத்தால் பள்ளத்தில் தங்கிய தூள் எண்ணைக் காட்டிக்கொடுக்கும். குழல் மாற்றிய துப்பாக்கி என்றால் குழலில் உள்ள எண்ணும் லைசென்ஸோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

பயணத்தில் அசல்தான் கையில் இருக்க வேண்டும். கைப்பேசியில் எடுத்த படம் படம்தான்.

துப்பாக்கி ஒரு காரில், ஆள் இன்னொரு காரில்

அதிகம் நடப்பது இதுதான், அதிக ஆபத்தும் இதில்தான். கல்யாணத்துக்கு மூன்று கார் கிளம்புகிறது. "மச்சான், சாமானை நீ ஹைலக்ஸில் போட்டுக்கிட்டு முன்னாடி போ, நான் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுப் பின்னாடியே வந்துடறேன்." தாப்பா ரோட்டில் டயர் பஞ்சரானால் போதும். லைசென்ஸ் உள்ளவர் ஒரு இடத்தில் நிற்கிறார், லைசென்ஸ் இல்லாதவர் துப்பாக்கியோடு போய்க்கொண்டிருக்கிறார். பின்னால் வருகிற பேப்பர் முன்னால் போகிறவரைக் காப்பாற்றாது.

குழலைத் தனியாகக் கழற்றி அவரிடம் கொடுத்து, கட்டையை நான் வைத்துக்கொண்டால் ஆயிற்று என்று கணக்குப் போடுகிறவர்களும் உண்டு. ஆயுதம் என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் விளக்கத்தில் அதன் உறுப்புகளும் அடக்கம். இப்படிப் பிரித்தால் ஒரு குற்றத்தில் இரண்டு பேர் மாட்டுவதுதான் மிச்சம்.

தோட்டத்துக் கம்பெனியின் துப்பாக்கியைக் காவலுக்கு எடுத்துச் செல்கிறவர் கையில் இருப்பது லைசென்ஸ் அல்ல, பெர்மிட். கம்பெனியின் லைசென்ஸின் பேரில், அந்த வேலைக்காக, அவர் பெயருக்குக் கொடுத்தது. வேலை முடிந்தால் துப்பாக்கி அதன் பெட்டிக்குப் போக வேண்டும். தொண்டர் படையான ரேலா கொடுத்த துப்பாக்கிக்கும் இதே கதைதான், சொந்த வேலைக்கு ஊர் தாண்டக்கூடாது.

அப்பா இறந்தபின் அவர் துப்பாக்கியை அண்ணன் வீட்டுக்கு "பத்திரமாக" மாற்றுவது இன்னொன்று. லைசென்ஸ் பிள்ளைகளுக்குத் தானாக இறங்காது. பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று காத்திருக்காமல் பக்கத்து ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லி, துப்பாக்கியை எப்படி ஒப்படைப்பது என்று கேளுங்கள். அவர்களே வந்து எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஒப்படைத்ததற்கு ரசீது வாங்கி வையுங்கள். யார் பெயருக்கு மாற்றுவது என்பதைப் பிறகு மனுப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

மறந்துபோன ஒரே ஒரு தோட்டா

துப்பாக்கியை யாரும் மறப்பதில்லை. தோட்டாவைத்தான் மறக்கிறார்கள். மழைச்சட்டையின் உள்பாக்கெட், ஸ்பேர் டயர் குழி, சீட்டுக்கும் கியருக்கும் இடையே உள்ள சந்து, ஸ்பேனர் டப்பா, டார்ச் லைட் பை: ஐந்தில் ஒன்றில் கிடக்கும். லைசென்ஸ்காரர் காரில் இருக்கும்வரை அது அவருடைய தோட்டா. அதே காரை மகள் தஞ்சோங் மாலிம் காலேஜுக்கு எடுத்துப் போனால் அது அவள் தலையில் விழும்.

ஆகவே எண்ண வேண்டும். கிளம்பும்போது எத்தனை என்று ஒரு தாளில் எழுதுங்கள். சுட்ட தோட்டாவின் காலி உறையைக் காட்டில் எறியாமல் பொறுக்கிக்கொண்டு வாருங்கள். மீதித் தோட்டாவையும் காலி உறையையும் கூட்டினால் எழுதிய எண் வர வேண்டும். வரவில்லை என்றால் வந்த வழியே போய்த் தேடுங்கள். டப்பாவோடு கொண்டுபோவது நல்லது. 25 குழிகளில் எது காலி என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். பிளாஸ்டிக் பையில் அள்ளிப் போட்டால் கணக்கு நிற்காது.

போன இடத்தில் தோட்டா குறைந்தால் அங்குள்ளவரிடம் கைமாற்று வாங்குவதும் தவறுதான். அவருக்குக் கொடுக்கும் உரிமை இல்லை, உங்களுக்கு வாங்கும் உரிமை இல்லை. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடியது இது. இருபது போர் தோட்டா பன்னிரண்டு போர் குழலுக்குள் வழுக்கிப் போய்ச் சற்றுத் தள்ளிச் சிக்கிக்கொள்ளும். தோட்டா போடும் அறை காலியாகத் தெரியும். சுடவில்லையே என்று பின்னால் பன்னிரண்டு போர் தோட்டாவைப் போட்டு அழுத்தினால் குழல் இடது கைக்கு மேலேயே வெடிக்கும். இருபது போருக்கு மஞ்சள் உறை என்று வழக்கம் வந்ததே இதனால்தான். இருட்டில் மஞ்சள் யாருக்குத் தெரியும்?

காலி என்று நினைப்பது

பாத்தா வகைத் துப்பாக்கியில் காலியா என்று பார்ப்பது எளிது. அதனாலேயே பார்க்காமல் விடுகிறார்கள். குழலை ஆள் இல்லாத பக்கம் தரையை நோக்கிப் பிடித்து, மேல் நெம்பை வலப்பக்கம் தள்ளி முழுதாக மடியுங்கள். தோட்டாவை எடுத்து எண்ணி டப்பாவில் வையுங்கள். பிறகு அறைப்பக்கத்திலிருந்து குழல் வழியாக வெளிச்சத்தைப் பாருங்கள். வட்டமாக, முழுதாகத் தெரிய வேண்டும். பிறை போலத் தெரிந்தால் உள்ளே மண்ணோ துணியோ இருக்கிறது. இருட்டில் என்றால் சுண்டுவிரலை அறைக்குள் விட்டுத் தடவிப் பாருங்கள். இரட்டைக் குழல் என்றால் இரண்டிலும்.

அதன்பின் முன்கட்டையைக் கழற்றி, குழலை இறக்கி, மூன்று துண்டாகப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடலாம். பம்ப் வகை என்றால் குழலுக்குக் கீழே தோட்டா வரிசையாக நிற்கும் குழாயில் இருப்பதையும் அறையில் இருப்பதையும் தனித்தனியாகக் காலி செய்ய வேண்டும். பம்பை இழுத்து ஒரு தோட்டா வெளியே விழுந்ததும் முடிந்தது என்று நினைப்பதுதான் அங்கே வழக்கமான தவறு.

துப்பாக்கிப் பெட்டி காரின் பின்பெட்டியில், தோட்டா டப்பா வேறொரு பூட்டிய பெட்டியில். சாவி இரண்டும் லைசென்ஸ்காரர் இடுப்பில். டபுள் கேப் வண்டியில் பூட் கிடையாது, பின்னால் திறந்த தொட்டிதான். அதில் போட்டுத் தார்ப்பாய் மூடினால் போதாது. பின்சீட்டுக்குப் பின்னால் பெட்டியை வைத்து, சங்கிலியால் சீட்டின் இரும்போடு பூட்டுங்கள். டேஷ்போர்டு டப்பாவில் தோட்டா வைப்பதை மறந்துவிடுங்கள். ரோட் டேக்ஸ் எடுக்க அதைத் திறக்கும்போது டார்ச் வெளிச்சத்தில் முதலில் தெரிவது அதுவாகத்தான் இருக்கும்.

ரோட்பிளாக்கில் அவர்கள் கண்டுபிடிக்குமுன் நீங்களே சொல்லிவிடுங்கள். இஞ்சினை நிறுத்தி, உள்விளக்கைப் போட்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்தபடி: "துவான், சாயா அடா லெசேன் செனாப்பாங். செனாப்பாங் டி பெலாக்காங், கோசோங், சுடா குன்சி." (ஐயா, என்னிடம் துப்பாக்கி லைசென்ஸ் இருக்கிறது. துப்பாக்கி பின்னால், காலி, பூட்டியாயிற்று.) அவர் சொல்லும்வரை இறங்காதீர்கள், பெட்டியை எடுத்துக் காட்டப் போகாதீர்கள். லைசென்ஸ் சட்டைப் பாக்கெட்டில் இருந்தால் நல்லது. பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தால் அதை எடுக்கத் துப்பாக்கியைத் தொட வேண்டிவரும்.

நடுவில் நிறுத்துவது

குனோங் செமாங்கோலில் ஆளுக்கொரு டீ, பிறகு நிபோங் திபாலில் பெரியம்மா வீடு, ராத்திரி அங்கேயே தூக்கம், காலையில் கோயில். இப்படிப் போகிற பயணத்துக்குத் துப்பாக்கி வேண்டாம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாராவது ஒருவர், அதாவது நீங்கள், காரை விட்டு நகரக்கூடாது. கார் காணாமல் போனால் காப்பீட்டில் கார் வரும். துப்பாக்கி போனால் உடனே போலீஸ் புகார், அதன்பின் விசாரணை, பெரும்பாலும் லைசென்ஸும் போகும். குடும்ப விசேஷத்துக்கும் பன்றிக்கும் தனித்தனிப் பயணம் போங்கள். ஊரை விட்டு நாள்கணக்கில் போகிறீர்கள், வீட்டில் ஆள் இல்லை என்றால் துப்பாக்கியைச் ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்துவிட்டுப் போக முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

எக்ஸ்பிரஸ் பஸ்ஸின் வயிற்றில் போடுவது, ரயிலில் கொண்டு போவது, கூரியரில் அனுப்புவது பற்றி எழுதவே தேவையில்லை. பெட்டி உங்கள் கண்ணைவிட்டுப் போகும் எந்த வழியும் வழி அல்ல.

போய்ச் சேர்ந்த இடத்தில்

துப்பாக்கி லைசென்ஸ் வேட்டை லைசென்ஸ் அல்ல. தீபகற்பத்தில் காட்டு விலங்கு 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது, அனுமதி கொடுப்பது பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறை. காட்டுப்பன்றிக்கும் அது பொருந்தும். காடு என்பது மாநில அரசின் கையில் இருப்பது. நிரந்தர ஒதுக்கீட்டுக் காட்டுக்குள் நுழைய அந்த மாநில வனத்துறையின் அனுமதி வேண்டும். செம்பனைத் தோட்டம் எங்கே முடிந்து ஒதுக்கீட்டுக் காடு எங்கே தொடங்குகிறது என்று அடிபட்ட பன்றிக்குத் தெரியாது. அதன் பின்னால் துப்பாக்கியோடு ஓடுகிறவர் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லை என்றால் மாநில எல்லை மட்டும் அல்ல

கிரிக், பெங்காலான் உலு வழியாகப் பாலிங் போகிறவர்கள், இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், பெத்தோங்கில் ஒரு சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று வண்டியைத் திருப்புவது உண்டு. துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாலும், வேட்டைக்குப் போன அதே வண்டி என்றால் திருப்பாதீர்கள். அந்தப் பக்கம் தாய்லாந்தின் சட்டம், மலேசிய லைசென்ஸுக்கு அங்கே மதிப்பில்லை. ஜொகூர்க்காரர்களுக்கு இது இன்னும் கடுமை. சிங்கப்பூரில் சட்டவிரோதமாகத் தோட்டா வைத்திருந்தாலே 5 முதல் 10 ஆண்டு சிறை, குறைந்தது 6 பிரம்படி. உட்லண்ட்ஸில் ஸ்பேர் டயர் குழியைத் திறந்து பார்க்கிறவருக்கு நீங்கள் மறந்துவிட்டீர்களா இல்லையா என்பதில் அக்கறை கிடையாது.

விமானப் பயணம் என்றால் டிக்கெட் வாங்குமுன் விமான நிறுவனத்திடமும் போலீஸிடமும் கேட்க வேண்டும். விமானங்களில் பொதுவாக ஒருவருக்குத் தோட்டா 5 கிலோதான், அதுவும் நிறுவனம் சம்மதித்தால். 25 தோட்டா கொண்ட ஒரு பன்னிரண்டு போர் டப்பா ஒரு கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். கைப்பையில் ஒன்றுகூடப் போகாது, காலி உறையில் செய்த சாவிக்கொத்து உட்பட.

திரும்பி வந்த அன்றே வண்டியைக் காலி செய்யுங்கள். சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் தடவி, மிதியடிகளை உதறி, ஸ்பேர் டயரைத் தூக்கிப் பாருங்கள், மழைச்சட்டையின் எல்லாப் பாக்கெட்டையும் வெளியே இழுத்துவிடுங்கள். நுரை வைத்த உறையில் துப்பாக்கியை விட்டுவைத்தால் நம் ஊர் ஈரத்துக்கு இரண்டே நாளில் குழலில் செம்புள்ளி விழும். குழலைத் துடைத்து எண்ணெய் போட்டு இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டு, உறையை மட்டும் வெயிலில் காயப் போடுங்கள்.