பிக்கப் வண்டியின் கதவுப் பூட்டு சுவிட்ச்: புதிது வாங்கும் முன் சோதித்துப் பார்க்கும் முறை

பொத்தானை அழுத்தியும் கதவு பூட்டிக்கொள்ளாவிட்டால், விரல் பட்ட இடம் அதுவே என்பதால் சுவிட்ச் போய்விட்டது என்று பெரும்பாலோர் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் இதே அறிகுறியை எரிந்த பியூஸும், கீலருகே அறுந்த வயரும், கதவுக்குள் தேய்ந்த லாக் மோட்டாரும் காட்டும். சித்தோடு வெல்லச் சந்தையிலோ ஈரோட்டு மஞ்சள் மண்டியிலோ பில்லும் பணமும் கேபினுக்குள் இருக்க வண்டியை நிறுத்திவிட்டுப் போக நேர்பவர்களுக்குப் பூட்டாத கதவு பெருங்கவலை. அந்த அவசரத்தில் ஊகத்தின் பேரில் பொருளை வாங்கி மாட்டாமல், கீழே உள்ள வரிசையில் சோதித்தால் பழுது எங்கே என்பது பெரும்பாலும் வீட்டு வாசலிலேயே தெரிந்துவிடும்.

டிஜிட்டல் மல்டிமீட்டர், பிளாஸ்டிக் நெம்பி, ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், 10 நம்பர் ஸ்பேனர், எலக்ட்ரிக்கல் காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே ஆகியவை போதும்.

முதல் படி: கருவியைத் தொடாமல் கவனித்தல்

கண்ணாடியை இறக்கிவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். சோதனையின் நடுவே கதவு பூட்டிக்கொண்டால் வெளியே நிற்க வேண்டிவராது. இந்தப் படிதான் எல்லாவற்றிலும் முக்கியமானது என்பது என் உறுதியான எண்ணம், ஏனெனில் பாதிப் பழுதுகளை இதுவே பிரித்துக் காட்டிவிடும்.

ரிமோட்டில் எல்லாக் கதவுகளும் பூட்டித் திறந்து, ஓட்டுநர் பக்கத்துப் பொத்தானில் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், சந்தேகம் அந்தச் சுவிட்சின் மேலும் அதற்கு வரும் வயரின் மேலும் விழுகிறது. எல்லாப் பொத்தான்களுக்கும் ஒரே ஒரு கதவு மட்டும் அசையாமல் இருந்தால் சுவிட்சைத் தொடவே வேண்டாம்; பழுது அந்தக் கதவின் மோட்டாரிலோ வயரிலோ இருக்கிறது. ரிமோட், பொத்தான் இரண்டுக்கும் எந்தக் கதவும் அசையவில்லை என்றால் முதலில் பியூஸைப் பாருங்கள். பூட்டுகிறது, ஆனால் திறப்பதில்லை என்ற நிலையில் சுவிட்சின் ஒரு பக்கத் தொடுமுனையோ, மின்சாரத்தைத் திறந்து மூடும் சிறு மின்காந்தச் சுவிட்சான ரிலேயோ கெட்டிருக்கலாம்.

பொத்தானை அழுத்தும்போது டாஷ்போர்டின் உள்ளிருந்து ‘டிக்’ என்ற ரிலே ஓசை வருகிறதா என்றும் காது கொடுத்துக் கேளுங்கள். ஓசை வந்தால் சுவிட்ச் தன் வேலையைச் செய்துவிட்டது, தடை அதற்கு அப்பால்தான் இருக்கிறது. பொத்தானைத் தொடர்ந்து பலமுறை அழுத்தினால், மோட்டார் சூடாகாமல் காப்பதற்காகச் சில வண்டிகளில் பூட்டு சிறிது நேரம் தானாகவே செயலற்றுவிடும். ரிமோட்டால் பூட்டிய பிறகு உள்பொத்தான் வேலை செய்யாதபடி அமைத்த வண்டிகளும் உண்டு. இவ்விரண்டையும் பழுது என்று எண்ணிவிட வேண்டாம்.

இரண்டாம் படி: பியூஸ்

வண்டிக் கையேட்டைப் பார்த்துக் கதவுப் பூட்டுக்கான பியூஸைக் கழற்றி, கம்பி அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். அறுந்திருந்தால் அதே ஆம்பியர் அளவுள்ள பியூஸையே போடுங்கள். அதிக ஆம்பியர் பியூஸைப் போட்டால் வயர் எரியக்கூடும். புதியதும் உடனே எரிந்துபோனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று பொருள். நான்காம் படிக்குச் செல்லுங்கள்.

மூன்றாம் படி: சுவிட்சைக் கழற்றிச் சோதித்தல்

பேட்டரியின் நெகட்டிவ் முனையை 10 நம்பர் ஸ்பேனரால் கழற்றிவிட்டு, ஏர்பேக் உள்ள வண்டியானால் சில நிமிடங்கள் பொறுத்திருங்கள். டோர் பேடின் கைப்பிடிக் குழியில் சிறு மூடிக்கு அடியில் ஸ்க்ரூ ஒளிந்திருக்கக்கூடும் என்பதால் அதைத் தேடிப் பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் நெம்பியால் சுவிட்ச் பேனலை ஓரத்திலிருந்து மெதுவாகக் கிளப்புங்கள். கனெக்டரின் பூட்டு நாக்கை அழுத்திப் பிடித்துக் கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது.

இப்போது பின்களை வெளிச்சத்தில் பாருங்கள். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றோடு சாரலும் சேர்ந்து, பாதி திறந்த கண்ணாடி வழியாகச் சுவிட்சின் மேல் இறங்கும். பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்த் தூளும், திருப்பூர்ப் பக்கம் பஞ்சுத் தூசியும் அந்த ஈரத்தோடு ஒட்டிக்கொள்ளும். பின்னில் பச்சைப் பூப்பு தெரிந்தால் காண்டாக்ட் கிளீனர் அடித்து, பொத்தானை இரு பக்கமும் பலமுறை அழுத்தி, நன்றாக உலரவிடுங்கள். கருகிய தடமோ உருகிய பிளாஸ்டிக்கோ தெரிந்தால் சுத்தம் செய்து பயனில்லை.

அடுத்து மல்டிமீட்டரைக் கன்டினியூட்டி (மின்தொடர்பு பார்க்கும்) நிலையில் வைத்து, வயரிங் படத்தில் காட்டிய பின்களில் முனைகளை வைத்துப் பொத்தானை அழுத்துங்கள். சாதாரணச் சுவிட்சானால் அழுத்தும்போது தடை 1 ஓமுக்கும் குறைவாக இருக்க வேண்டும். எண் நிலையில்லாமல் துள்ளினால் தொடுமுனை தேய்ந்துவிட்டது. புதிய வண்டிகள் பலவற்றில் சுவிட்ச் மோட்டாருக்கு நேராக மின்சாரம் அனுப்பாமல் கட்டுப்பாட்டு மாட்யூலுக்குச் சமிக்ஞை மட்டுமே தருகிறது. அவற்றில் சில சுவிட்சுகளுக்குள் ரெசிஸ்டர் இருப்பதால், அதிகத் தடை காட்டுவதை வைத்து மட்டும் கெட்டுவிட்டது என்று தீர்ப்பளிக்காதீர்கள். கையேட்டின் அளவோடு ஒப்பிடுங்கள்.

சுவிட்ச் நன்றாக இருந்தால் பேட்டரியை மீண்டும் இணைத்து, கனெக்டரின் சப்ளை பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். நேராக மின்சாரம் கொடுக்கும் பழைய அமைப்பில் சுமார் 12 வோல்ட் வர வேண்டும். மாட்யூல் உள்ள வண்டியில் டெஸ்ட் லேம்ப் வைத்துச் சோதிக்க வேண்டாம். அது இழுக்கும் மின்சாரம் மாட்யூலைக் கெடுக்கலாம்.

நான்காம் படி: கீலருகே உள்ள ரப்பர் குழாய்

கதவுக்கும் கேபினுக்கும் நடுவே வயர்கள் செல்லும் ரப்பர் குழாயைப் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். ஒரு நாளில் எத்தனையோ கடைகளுக்குச் சரக்கு இறக்கும் வண்டியில் கதவு அடிக்கடி திறந்து மூடுவதால், மேலுறை முழுதாக இருந்தாலும் உள்ளே செம்புக் கம்பி முறிந்திருக்கும். ஒவ்வொரு வயரையும் லேசாக இழுத்துப் பாருங்கள். நீளும் வயர் முறிந்த வயர். வயரைத் திருகி டேப் சுற்றினால் நிற்காது, பற்றவைத்து அதன்மேல் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட வேண்டும்.

கடையில் பின்னர் பொருத்திய சென்ட்ரல் லாக் என்றால்

நம் பகுதிப் பிக்கப்புகள் பலவற்றில் பூட்டு கம்பெனி கொடுத்ததாக இருக்காது. இத்தகைய அமைப்பில் ஓட்டுநர் கதவின் மோட்டாருக்கு வழக்கமாக ஐந்து வயர்களும் மற்றக் கதவுகளுக்கு இரண்டிரண்டும் செல்லும். கூடுதலான மூன்று வயர்கள் அந்த மோட்டாருக்குள்ளேயே இருக்கும் சிறு சுவிட்சுக்கு உரியவை. ஓட்டுநர் கதவைச் சாவியால் பூட்டும்போது மற்றவை தொடரவில்லை என்றால், அந்த ஐந்து வயர் மோட்டாரையும் அதற்குச் செல்லும் வயர்களையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பேனலில் தேடிப் பயனில்லை.

புதிய சுவிட்ச் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய்ப் பார்ட் நம்பரையும் பின் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். தோற்றம் ஒன்றாக இருந்தும் உள் இணைப்பு வேறாக இருப்பது உண்டு. கனெக்டரை மாட்டியதும், பேனலை அழுத்திப் பொருத்துவதற்கு முன்பே, கண்ணாடி இறங்கிய நிலையில் ஒவ்வொரு கதவையும் பொத்தானாலும் ரிமோட்டாலும் சாவியாலும் பூட்டித் திறந்து பார்த்துவிடுங்கள்.