ஒலிநூலை நடுவிலிருந்து கேட்டுப்பாருங்கள்

சரித்திர ஒலிநூலைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் அத்தியாயத்தை மட்டும் நம்பாதீர்கள். நடுவில் ஓர் உரையாடலைக் கேளுங்கள். அரசனும் ஒற்றனும் ஒரே குரலில் பேசினால், ‘சோழன்’ என்பது ‘சோளன்’ என்று காதில் விழுந்தால், அதை விட்டுவிடுங்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்கு ஃபெரியில் வரும்போதுதான் நான் கேட்பேன். சரித்திரம் என்றால் வேகத்தைக் கூட்டவே மாட்டேன். யார் யாருக்கு மகன், யார் மைத்துனன் என்று சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொள்வேன். ஒரு பெயர் தவறினாலும் சூழ்ச்சி புரியாது. மாயாஜாலக் கதைகளை 1.25 மடங்கு வேகத்தில், சமைத்துக்கொண்டே கேட்கலாம்.

இராஜேந்திர சோழன் 1025இல் கடாரத்தின்மீது (இன்றைய மலேசியாவின் கெடா) படையெடுத்த பகுதி வந்தால் மட்டும் நிறுத்திவையுங்கள். வானம் தெளிந்த நாளில், வடக்கே கெடாவின் ஜெராய் மலை தெரியும் கடற்கரையில் நின்று கேளுங்கள். எனக்கு மெய்சிலிர்த்தது.