ரிசர்வ் வங்கியிலிருந்து கோடி ரூபாய் வருகிறதா? மெயிலைச் சோதிக்கும் முறை

"உங்கள் பெயரில் 4 கோடியே 70 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டுள்ளது." இப்படி ரிசர்வ் வங்கி பெயரில் ஒரு மெயில் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மேலே முத்திரை, கீழே ஆளுநர் கையெழுத்து. இரண்டையும் யார் வேண்டுமானாலும் இணையத்திலிருந்து எடுத்து ஒட்டலாம். அவற்றை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

படி 1: அனுப்புவது யார் வேலை?
ரிசர்வ் வங்கி தனிநபர்களுக்குச் சேமிப்புக் கணக்கு நடத்துவதில்லை. லாட்டரிப் பணம், வெளிநாட்டு நிதி என்று வாங்கி வைத்து யாருக்கும் அனுப்புவதும் இல்லை. பாதி மெயில்கள் இங்கேயே அடிபட்டுவிடும். ஆனால் மறந்துபோன டெபாசிட் நிஜமாகவே இருக்கலாம். பத்தாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்த பணத்தைத் தேட, 2023-இல் ரிசர்வ் வங்கி தொடங்கிய உத்கம் (UDGAM) என்ற இணையதளம் இருக்கிறது. அங்கே நாமே தேடிப் பார்த்து, சம்பந்தப்பட்ட வங்கியிடம் நேரடியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

படி 2: முழு முகவரியைப் பாருங்கள்
ஜிமெயிலில் அனுப்புநர் பெயருக்குக் கீழே உள்ள சிறிய அம்புக்குறியைத் தொட்டால் உண்மையான முகவரி தெரியும். பெயர் 'ரிசர்வ் வங்கி', முகவரியோ சாதாரண ஜிமெயில் என்றால் மோசடிதான், சந்தேகமே வேண்டாம். முகவரி சரியாகத் தெரிந்தாலும் நம்பிவிட முடியாது, அதையும் போலியாக்கலாம். பதில் வேறு முகவரிக்குப் போகும்படி அமைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

படி 3: லிங்க்கை வலமிருந்து படியுங்கள்
தட்டாமல், விரலை அழுத்திப் பிடித்தால் முகவரி தெரியும். தொடக்கத்தில் உள்ள 'https://' என்பதை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு (/) முன்னால் கடைசியாக நிற்கும் பகுதிதான் தளத்தின் சொந்தக்காரரைக் காட்டும். 'ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன் டாட் பரிசுப்பணம் டாட் காம்' என்றிருந்தால் அது பரிசுப்பணக்காரரின் தளம். இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் தங்கள் தளங்களை 'பேங்க் டாட் இன்' முகவரிக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. இதுவும் சரிபார்க்க உதவும்.

படி 4: என்ன கேட்கிறார்கள்?
'பிராசஸிங் கட்டணம்', 'வரி', 'ரகசியமாக வைத்திருங்கள்', '24 மணி நேரத்துக்குள்'. கோடியைத் தருகிறவர் பதினைந்தாயிரம் கட்டணத்தை அதிலேயே கழித்துக்கொள்ளலாமே! ஒருமுறை கட்டினால் அடுத்த கட்டணம் வரும். ஓடிபி கேட்டால் மோசடிதான், யோசிக்கவே தேவையில்லை.

படி 5: அப்புறம்?
ஃபிஷிங் (ஏமாற்றி விவரம் பறிக்கும் மெயில்) என்று ரிப்போர்ட் செய்துவிட்டு மெயிலை அழித்துவிடுங்கள். பணமோ விவரமோ கொடுத்துவிட்டால் உடனே உங்கள் வங்கிக்கும் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் அழையுங்கள். அட்டைக்குப் பின்னால் உள்ள வங்கி எண்ணுக்குப் பேசுங்கள், மெயிலில் உள்ள எண்ணுக்கு அல்ல. திட்டியோ கிண்டலடித்தோ பதில் போடாதீர்கள். இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும், அடுத்த மெயிலும் வரும்.