மோட்டார்ஹோம் கழிவுக் குழாயை வாங்கும் முன்

அமெரிக்க மோட்டார்ஹோம்களில், அதாவது தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டிகளில், கழிப்பறைக் கழிவுக்கு ஒரு தொட்டியும், குளியலறை, சமையலறைத் தண்ணீருக்கு இன்னொரு தொட்டியும் இருக்கும். இரண்டும் பெரும்பாலும் 3 அங்குல வாய் ஒன்றின் வழியாகவே வெளியேறுவதால், குழாயையும் அதே அளவில் வாங்க வேண்டும்.

விலை மலிவு என்று மெல்லிய வினைல் குழாயை வாங்கினால், சரளைக் கல்லில் இழுபட்டு ஊசித்துளை விழும் நாளில் அந்தச் சிக்கனத்தின் உண்மையான விலை தெரிந்துவிடும். கனத்த சுவரும் கம்பிச் சுருளும் உள்ள குழாயே நல்லது. 20 அடிக் குழாய் ஒன்றைவிட 10 அடித் துண்டுகள் இரண்டு வசதியானவை. வண்டியை நிறுத்துமிடத்தில் கழிவை விடும் சாக்கடை வாய் அருகில் இருந்தால் ஒன்றே போதும், தொய்வில் கழிவும் தேங்காது.

நான் விட்டுக்கொடுக்காத பொருள் ஒன்று உண்டு: உள்ளே ஓடுவது தெரியும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் முழங்கை, அதாவது வளைந்த இணைப்புத் துண்டு. கழிப்பறைத் தொட்டியை முதலில் திறந்து, பிறகு குளியல் தண்ணீரை விட்டுக் குழாயைக் கழுவும்போது, பழுப்பு நிறம் மெல்ல வெளிறித் தெளிவதைக் கண்ணால் பார்த்தே வால்வை மூடலாம்.

சாக்கடை வாய் மேட்டில் இருந்தால் மட்டும், கழிவை அரைத்துத் தள்ளும் 12 வோல்ட் பம்பு தேவைப்படும். தொட்டி காலியானதும் அதை உடனே நிறுத்திவிட வேண்டும். இந்த வேலைக்குப் போடும் கையுறைகளைக் குடிநீர்க் குழாயோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.