ரெசிடென்சி விண்ணப்பம்: துறையையும் ஊரையும் சேர்த்துத் திட்டமிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி பிறந்ததும், அமெரிக்க ரெசிடென்சிக்கான (எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிந்தைய துறைப் பயிற்சி) நேர்காணல்களை முடித்த இளைய மருத்துவர்கள் சிலர் தங்கள் ரேங்க் லிஸ்ட்டை (பயிற்சி இடங்களை விருப்ப வரிசையில் அடுக்கிய பட்டியல்) எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்து வந்தபோது நான் செய்த பிழைகளை அவற்றில் மீண்டும் மீண்டும் காண்கிறேன். சான்றிதழைத் தாமதமாக அனுப்புவது, தன்விளக்கக் கட்டுரையில் வேறொரு மருத்துவமனையின் பெயரை விட்டுவைப்பது போன்றவை எல்லோரும் அறிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். துறை, ஊர் ஆகிய இரண்டு விருப்பங்களையும் ஒரே பட்டியலில் பொருத்தும்போது நேரும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

"கிடைக்கும்" என்று தோன்றும் இடத்தை முதலில் வைப்பது

நான் இன்டர்னல் மெடிசின் (பொது மருத்துவம்) துறைக்கு விண்ணப்பித்த ஆண்டில் என் கணவர் டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் நகரில் பணிபுரிந்தார். அந்நகரின் மருத்துவமனை ஒன்றில் எனக்கு நேர்காணல் நடந்தது; நான் மனதார விரும்பியதும் அந்த இடத்தைத்தான். ஒஹாயோ மாநிலத்துச் சிறிய ஊர் ஒன்றிலும் நேர்காணல் நடந்தது. அது முடிந்த மறுவாரம், நான் அவர்களுக்கு மிகவும் பொருத்தமானவள் என்று அங்கிருந்து அன்பான மின்னஞ்சல் ஒன்று வந்தது. டாலஸை முதலில் வைத்தால் அந்த இடமும் கிடைக்காமல், இரண்டாவதாக வைத்த ஒஹாயோவும் கைநழுவிவிடும் என்று அஞ்சி, ஒஹாயோவை முதலிடத்தில் வைத்தேன். மார்ச் மாதம் அதுவே கிடைத்தது. மூன்று ஆண்டுகள் நாங்கள் இருவரும் விடுமுறை நாட்களில் மட்டுமே சந்தித்துக்கொண்டோம்.

அந்த அச்சத்துக்கு எந்த அடிப்படையும் இல்லை என்பதே இன்றும் என்னை வருத்துகிறது. விண்ணப்பதாரர்களின் பட்டியல்களையும் மருத்துவமனைகளின் பட்டியல்களையும் கணினி வழியே பொருத்தும் மேட்ச் முறை, விண்ணப்பதாரரின் பட்டியலிலிருந்தே தொடங்குகிறது. ஆல்வின் ராத், எலியட் பெரன்சன் ஆகியோர் சீரமைத்து 1998 முதல் நடைமுறையில் உள்ள கணக்கு இது. இத்தகைய பொருத்தக் கோட்பாட்டுக்கும் அதைச் செயல்படுத்தியதற்குமாகவே ராத், லாயிட் ஷேப்லியுடன் 2012-ஆம் ஆண்டின் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நான் டாலஸை முதலில் வைத்திருந்தால், கணினி முதலில் அங்கே எனக்காக முயன்றிருக்கும். அந்த மருத்துவமனை எனக்கு மேலே வைத்தவர்களால் இடங்கள் நிரம்பியிருந்தால், அடுத்ததாக ஒஹாயோவுக்கு வந்திருக்கும். அதற்குள் அங்கே வேறொருவர் தற்காலிகமாக இடம் பெற்றிருந்தாலும், ஒஹாயோ மருத்துவமனை தன் பட்டியலில் என்னை அவருக்கு மேலே வைத்திருந்தால், அவரை விலக்கி எனக்கு அந்த இடத்தைத் தந்திருக்கும். நான் அவர்களை எத்தனையாவது இடத்தில் வைத்தேன் என்பது அவர்களுக்குத் தெரியவும் வராது, கணக்கில் அதற்காக எனக்குக் குறைவு நேரவும் செய்யாது. டாலஸில் எனக்கு இடம் கிடைத்திருக்குமா என்பதை நான் ஒருபோதும் அறியப் போவதில்லை. ஆனால் அதை முதலில் வைத்திருந்தால் நான் இழக்கக்கூடியது எதுவுமே இல்லை.

நேர்காணலுக்குப் பிறகு வரும் இனிய மின்னஞ்சல்களுக்குப் பட்டியலில் இடம் கொடுக்காதீர்கள். அவை யாரையும் கட்டுப்படுத்துவதில்லை. கட்டுப்படுத்துவது மேட்ச் முடிவு மட்டுமே. முடிவு வந்தபின் முறையான விலக்கு பெறாமல் அந்த இடத்தை மறுத்தால், அடுத்த ஆண்டுகளில் பங்கேற்கவே தடை வரக்கூடும். ஆகவே, எந்நிலையிலும் போக விரும்பாத இடம் இருந்தால் அதைக் கடைசியில்கூட வைக்காமல் நீக்கிவிடுங்கள்.

துறையா, ஊரா என்பதை முடிவு செய்யாமல் பட்டியல் எழுதுவது

ஒரே பட்டியலில் இரு துறைகளைக் கலந்து வைக்க விதி இடமளிக்கிறது. ஆனால் தொலைவிலுள்ள நியூராலஜி இடம் வேண்டுமா, குடும்பத்துக்கு அருகிலுள்ள இன்டர்னல் மெடிசின் இடம் வேண்டுமா என்பதை நீங்கள்தான் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். பலர் துறைவாரியாக முதல் பத்து, அடுத்த பத்து என்று அடுக்கிவிட்டு, பதினோராவது இடத்தைவிடப் பத்தாவது இடம் உண்மையிலேயே மேலானதா என்று ஒருமுறைகூடக் கேட்டுப் பார்ப்பதில்லை.

நியூராலஜி, அனஸ்தீசியா, ரேடியாலஜி போன்ற துறைகளில் சில இடங்கள் இரண்டாம் ஆண்டிலிருந்தே தொடங்குகின்றன. அவற்றுக்கு முதலாண்டுப் பயிற்சியைத் தனியே, துணைப் பட்டியல் வழியாகக் கோர வேண்டும். ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனித் துணைப் பட்டியல் இணைக்கலாம் என்பதை அறியாமல், எல்லாவற்றுக்கும் ஒன்றையே இணைப்பவர்கள் உண்டு. சிகாகோவில் துறை இடத்தையும் ஃபுளோரிடாவில் முதலாண்டையும் பெற்று, கைக்குழந்தையுடன் ஓராண்டுக்குள் இருமுறை வீடு மாறிய இணையர் ஒருவரை அறிவேன்.

நிலப்பகுதி விருப்பத்தை வரைபடம் பார்க்காமல் நிரப்புவது

விண்ணப்பத்தில் அமெரிக்காவின் ஒன்பது கணக்கெடுப்புப் பகுதிகளிலிருந்து மூன்று வரை விருப்பமாகக் குறிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் காரணத்தைச் சுருக்கமாக எழுதலாம். மற்ற பகுதிகள் தங்களைப் புறக்கணித்துவிடும் என்று பயந்து, "விருப்பம் ஏதுமில்லை" என்று குறிப்பவர்கள் உண்டு. நீங்கள் தேர்ந்த பகுதி எது என்பது அப்பகுதி மருத்துவமனைகளுக்கு மட்டுமே தெரியும். பிற பகுதியினருக்கு, நீங்கள் அக்கேள்விக்கு விடையளிக்காதது போலவே தோன்றும்.

எல்லைகளையும் கவனியுங்கள். மேரிலாந்தில் அக்கா வீட்டருகே இருக்க விரும்பிய ஒரு தம்பி, மிடில் அட்லாண்டிக் பகுதியைக் குறித்து, அக்காவைப் பற்றி உருக்கமாக ஒரு பத்தியும் எழுதியிருந்தார். அப்பகுதியில் நியூயார்க், நியூ ஜெர்சி, பென்சில்வேனியா ஆகிய மூன்று மாநிலங்கள் மட்டுமே உள்ளன. மேரிலாந்து சவுத் அட்லாண்டிக்கில் சேர்ந்தது. அவருடைய உண்மையான காரணம் மேரிலாந்து மருத்துவமனை எதையும் சென்றடையவில்லை.

இன்டர்னல் மெடிசினுக்கு அண்மை ஆண்டுகளில் தரப்படும் 3 தங்க, 12 வெள்ளி சிக்னல்களையும் (குறிப்பிட்ட மருத்துவமனைகளுக்கு உங்கள் தனி விருப்பத்தைத் தெரிவிக்கும் குறிகள்) இதே கவனத்துடன் செலவிடுங்கள். வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளை ஏறத்தாழ எடுக்காத புகழ்பெற்ற இடத்துக்குத் தங்க சிக்னல் அனுப்புவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் கசக்கிறது.

விசாவைக் கடைசியில் பார்ப்பது

ஊர்களைத் தேர்ந்தெடுக்கும் முன்பே, அங்குள்ள மருத்துவமனை எந்த விசாவுக்கு ஆதரவளிக்கிறது என்று பாருங்கள். எச்-1பி என்னும் பணி விசா பெற, அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் கடைசிக் கட்டமான ஸ்டெப் 3 தேர்வில் முன்னதாகவே தேறியிருக்க வேண்டும். ஜே-1 என்னும் பரிமாற்ற விசா பெற்றவர்கள் பயிற்சிக்குப் பின் இரண்டு ஆண்டுகள் தாய்நாட்டில் இருக்க வேண்டும், அல்லது விலக்குப் பெற வேண்டும். மாநிலங்கள் வழியாக இந்த விலக்கைப் பெற உதவும் கான்ராட் திட்டத்தில் ஒரு மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 விலக்குகளே உள்ளன. பெரும்பாலும் மருத்துவர் பற்றாக்குறையுள்ள பகுதியில் மூன்று ஆண்டுகள் பணிபுரிய வேண்டும். எனவே ஊர் பற்றிய உங்கள் திட்டம் ரெசிடென்சியோடு முடிவதில்லை.

எண்ணிக்கையை நம்பி விண்ணப்பிப்பது

2024-25 பருவத்தில் ஒரு துறையில் 31-ஆவது விண்ணப்பத்திலிருந்து ஒவ்வொன்றுக்கும் 30 டாலர் கட்டணம் இருந்தது.

பட்டியலை உறுதிசெய்யாமல் விடுவது

சேமித்த பட்டியல் கணக்கில் சேராது. உறுதிசெய்த பட்டியலே சேரும்.